ஆறேகால் மணி வகுப்பு

வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் பி.ஈ. முடித்ததிலிருந்து என்னிடம் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "இத்தனை வருஷம் டெஸ்ட் பெட்ல நின்னவளுக்கு இனி எதுக்கு கண்ணு அந்தப் பேப்பரு?" என்பது ஒன்று. என் சித்தப்பா ஒவ்வொரு விசேஷத்திலும் இதைக் கேட்கிறார், அக்கறையோடுதான் கேட்கிறார். இன்னொன்றை ஒரு மோட்டார் கம்பெனியின் இன்டர்வியூவில் கேட்டேன். டிசைன் பிரிவு வேலை. என் சர்டிபிகேட்டுகளைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்த அதிகாரி, "மேடம், இது பார்ட் டைம் தானே? எங்க பாலிசிப்படி ரெகுலர் டிகிரி மட்டும்தான் எடுத்துக்குவோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு இன்றைக்கும் மனசில் அடங்கவில்லை. சித்தப்பாவுக்கு அனுபவம் இருந்தால் போதும், படிப்பு தேவையில்லை. அந்த அதிகாரிக்குப் படிப்பு வேண்டும், ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படித்ததாக இருக்கக் கூடாது. அந்த வகுப்பில் உட்கார்ந்து நீ என்ன படித்தாய் என்று இருவருமே கேட்கவில்லை. என் மாமியார் மட்டும் கேட்பார். ராத்திரி எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, "இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்பார். தூக்கக் கலக்கத்தில் அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு ஊர் அன்னூர் பக்கம். பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் ட்ரிபிள் ஈ படித்தேன். நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.ஈ. சேர மார்க் இருந்தது. அந்த வருஷம் தோட்டத்து போர் வற்றி, புதுசாகப் போட்ட போரிலும் புகைதான் வந்தது. அப்பாவுக்குக் கடன், எனக்கு வேலை. கோயம்புத்தூரில் டிப்ளமோக்காரருக்கு வேலை கிடைப்பது பெரிய கஷ்டம் இல்லை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்லும் கிணற்று மோட்டாருமாக இந்த ஊரே மாறிப்போனது. 1937இல் ஜி.டி. நாயுடுவின் மோட்டார் இங்கேதான் உருவானது. இன்றைக்கும் கணபதி, பீளமேடு பக்கம் நடந்தால் வார்ப்பு, லேத், வைண்டிங் என்று ஒரு மோட்டாருக்கு வேண்டிய எல்லாமே பக்கத்துப் பக்கத்துத் தெருவில் நடந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங்கில் சேர்ந்தேன். நடுவில் கல்யாணம், பையன்.

டெஸ்ட் பெட் என்பது செய்து முடித்த மோட்டாரை ஏற்றிச் சோதிக்கும் மேடை. அந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டாரை லோடு இல்லாமல் ஓட்டி ஆம்பியரும் வாட்டும் எடுப்பது நோ லோட் டெஸ்ட். மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ரோட்டாரைச் சுற்ற விடாமல் பூட்டி, வோல்டேஜைக் குறைத்துக் கொடுத்து அதே ரீடிங்கை எடுப்பது லாக்டு ரோட்டார் டெஸ்ட். அப்புறம் லோடு கொடுத்து மணிக்கணக்கில் ஓடவிட்டு, வைண்டிங் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று ரெசிஸ்டன்ஸை வைத்துக் கணக்குப் போடுவது ஹீட் ரன். இதையெல்லாம் ரெஜிஸ்டரில் எழுதி, ரிப்போர்ட் போட வேண்டும். ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு கையெழுத்து. 'டெஸ்டெட் பை' என்ற இடத்தில் என்னுடையது. 'அப்ரூவ்டு பை' என்ற இடத்தில் பி.ஈ. படித்த ஒருவருடையது. நான் சொல்லிக்கொடுத்து வேலை பழகிய பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த இரண்டாவது இடத்துக்குப் போனார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனாலும் என் கையெழுத்து இடப்பக்கமே நின்றுவிட்டது. நான் திரும்பப் படிக்கப் போனதற்கு முதல் காரணம் அதுதான். அறிவுத் தாகம் என்பதெல்லாம் பிறகு வந்தது.

பகுதிநேர பி.ஈ. என்பது டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்கானது. எங்கள் சமயத்தில் இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்டார்கள். ஏழு செமஸ்டர். எங்களுக்கு மாலை ஆறேகாலிலிருந்து ஒன்பதேகால் வரை வகுப்பு, லேப் சனிக்கிழமை. கோயம்புத்தூரில் ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்ற மூன்று கல்லூரிகளிலும் இந்தப் படிப்பை நடத்தி வந்திருக்கிறார்கள். அதில் ஒன்றில் சேர்ந்தேன்.

எல்லாரும் சார்தான்

பகல் கல்லூரி வெளியே போகும் நேரத்தில் நாங்கள் உள்ளே போவோம். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஆறு மணிக்கு ஒரு கூட்டம் நிற்கும். கையில் டிபன் பை, சட்டையில் கட்டிங் ஆயில் வாசம். ஒருவர் பவுண்டரியில் சூப்பர்வைசர். ஒருவர் போக்குவரத்துக் கழக டெப்போ. ஒருவர் திருப்பூரில் மில் எலக்ட்ரீஷியன், ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வருவார். மின்வாரியத்திலிருந்து ஒருவர். பெண்கள் என்று பார்த்தால் நானும் இன்னொரு பெண்ணும். முதல் நாளே கவனித்தேன், வகுப்பில் எல்லாரும் ஒருவரை ஒருவர் "சார்" என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வயசுப் பையன் நாற்பது வயசுக்காரரையும் சார் என்பான், அவரும் இவனைச் சார் என்பார். என்னைவிடச் சின்னவரான லெக்சரர் என்னை "மேடம்" என்பார். டெப்போக்காரர் பேரே எனக்கு ரொம்ப நாள் தெரியாது, "டெப்போ சார்" அவ்வளவுதான். மின்வாரியக்காரர் "ஈ.பி. சார்".

இந்தச் சார் வெறும் மரியாதைக்காக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றில் கைதேர்ந்தவர் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பர்னஸ் பற்றி லெக்சரர் பேசினால் பவுண்டரி சார் பக்கம் திரும்பி, "சரிதானுங்களே சார்?" என்று கேட்டுக்கொள்வார். பகல் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு மறுபடி எங்களுக்காக நிற்கிற ஆசிரியர்கள் அவர்கள். களைப்பு இருந்திருக்கும். ஆனால் எங்கள் வகுப்பில் கேள்வி வந்த அளவுக்குப் பகல் வகுப்பில் வராது என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார்.

கணக்குதான் கடினம். ஃபூரியர் சீரிஸ், லாப்ளாஸ் எல்லாம் வேலையில் கையால் தொட்ட எதிலும் ஒட்டாமல் தனியாக நின்றது. அங்கே எங்களுக்குக் கை கொடுத்தவர் டெப்போ சார். இன்டர்னலுக்கு முன்னால் டீக்கடை பெஞ்சில் வைத்து, பழைய டூட்டி சீட்டுக்குப் பின்பக்கம் இன்டெக்ரேஷன் போட்டுக் காட்டுவார். பலர் அரியர் வைத்துத்தான் அதைத் தாண்டினார்கள். அந்தக் கதையை நீட்ட விரும்பவில்லை, திரும்பப் படிக்கப் போனவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது மெஷின்ஸ் பேப்பர் நடந்த ஒரு மாலையைப் பற்றி.

வட்டம்

கிராப் ஷீட்டும் காம்பஸும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இண்டக்ஷன் மோட்டாருக்கு சர்க்கிள் டயகிராம் வரைவது. ஹேலண்ட் என்ற ஜெர்மானியர் 1894இல் கண்டுபிடித்த முறை. டிப்ளமோவிலேயே இதை வரைந்திருக்கிறேன். புத்தகத்தில் கொடுத்த எண்களை வைத்து, புத்தகத்தில் போட்ட மாதிரியே வட்டம் போட்டு, மார்க் வாங்கி, மறந்துவிட்ட பாடம். அன்றைக்கு லெக்சரர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "உங்க கம்பெனி மோட்டார் ரீடிங் யாராவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். என் பையில் டைரி இருந்தது. 5 எச்.பி., 415 வோல்ட், மூன்று பேஸ். நோ லோட் ரீடிங் ஒரு வரி, லாக்டு ரோட்டார் ரீடிங் ஒரு வரி. எழுந்து வாசித்தேன், அவர் போர்டில் எழுதினார்.

நோ லோட் கரண்ட்டை ஒரு சின்னக் கோடாகப் போட வேண்டும். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்ட்டில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு, மோசம் என்பதால் அது வோல்டேஜ் கோட்டிலிருந்து நன்றாகச் சாய்ந்து கிடக்கும். லாக்டு ரோட்டார் ரீடிங் குறைந்த வோல்டேஜில் எடுத்தது, அதை 415க்குக் கணக்காக்கினால் நீளமான ஒரு கோடு வரும். இரண்டு கோட்டின் நுனியையும் சேர்த்து, அதன் நடுவில் செங்குத்துக் கோடு இழுத்தால், சின்னக் கோட்டின் நுனியிலிருந்து போகும் படுக்கைக் கோட்டை அது வெட்டும் இடத்தில் வட்டத்தின் மையம் கிடைக்கும். காம்பஸை அங்கே ஊன்றி அரைவட்டம் போட்டேன். பிறகு 3.7 கிலோவாட் வெளியே வரும் இடத்தை வட்டத்தின் மேல் குறித்து, கோடுகள் தொடங்கும் புள்ளியிலிருந்து அதுவரை ஸ்கேல் வைத்து அளந்தால் ஃபுல் லோட் ஆம்பியர். ஏழரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. டைரியின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதே மோட்டாரை லோடு டெஸ்டில் ஓட்டி எடுத்த ஆம்பியர் அங்கே என் கையெழுத்தில் இருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

என்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இரண்டு வரிகளையும் வருஷக்கணக்காக ஒவ்வொரு மோட்டாருக்கும் எழுதியிருக்கிறேன். லிமிட்டுக்குள் இருந்தால் டிக், தாண்டினால் ரிஜெக்ட். அதற்கு மேல் அந்த எண்களுக்கு ஒரு வேலை இருப்பதாக எனக்கு யாரும் சொன்னதில்லை. லோடே கொடுக்காமல் ஓட்டிய ஒரு ரீடிங், சுற்றவே விடாமல் எடுத்த ஒரு ரீடிங். இந்த இரண்டிலிருந்து அந்த மோட்டார் எந்த லோடில் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு ஸ்லிப் ஆகும், அதாவது வேகத்தில் எவ்வளவு பின்தங்கும், அதிகபட்சம் எவ்வளவு டார்க், அதாவது சுழற்றும் விசை, தரும் என்று எல்லாமே வந்துவிடுகிறது. பதினெட்டு வயசில் இதே படத்தை வரைந்தபோது அது ஜியாமெட்ரி. இப்போது அது என் மோட்டார், அதன் சத்தம் எனக்குத் தெரியும்.

அப்போது ஒரு கேள்வி தானாக வாயில் வந்தது. "சார், 415க்குப் பதிலா 330தான் வந்தா?"

"நீங்களே வரைஞ்சு பாருங்க மேடம்" என்றார்.

அதே ஷீட்டில் வரைந்தேன். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, கோடுகளும் அதே அளவு சுருங்கின, பெரிய வட்டத்துக்குள் ஒரு சின்ன வட்டம் வந்தது. டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 80 சதவீத வோல்டேஜில் 64 சதவீத டார்க்தான் மிச்சம். ஆனால் லோடு குறையவில்லை. தண்ணீரை மேலே தள்ள வேண்டிய உயரம் அதேதான். பெரிய வட்டத்தில் வசதியாகப் பாதி உயரத்துக்கும் கீழே இருந்த புள்ளி, சின்ன வட்டத்தில் உச்சியை நோக்கி ஏறிவிட்டது. அங்கே போனால் மோட்டார் அதிகமாக ஸ்லிப் ஆகும், அதிகமாகக் கரண்ட் இழுக்கும். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியான காயிலின் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும். ஆம்பியர் கால் பங்கு கூடினாலே சூடு ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

எங்கள் தோட்டத்து மோட்டார் எத்தனையோ முறை காயில் எரிந்திருக்கிறது. சின்னப் பிள்ளையாக அப்பாவோடு ரீவைண்டிங் கடைக்குப் போவேன். எரிந்த காயிலை உளி வைத்து வெட்டி எடுத்து, பழைய செம்பை எடை போட்டுக் கழித்துக்கொண்டு, மீதிக் காசுக்கு அப்பா தவணை சொல்வார். வார்னிஷ் வாசம் மண்டைக்குள் ஏறும். "கம்பெனிக்காரன் செம்பைக் குறைச்சுப்போட்டானுங்க" என்பார் அப்பா. "கரண்டு பத்தலீங்கண்ணா" என்பார் கடைக்காரர். இரண்டு பேரும் பல வருஷம் இதையே பேசிக்கொண்டார்கள். வேலைக்குப் போன பிறகு எனக்கும் லோ வோல்டேஜில் காயில் போகும் என்று தெரியும், ஃபீல்டில் எல்லாருக்கும் தெரியும். எதனால், எந்த அளவுக்கு மேல், எவ்வளவு நேரத்தில் என்பதை என் கையால் போட்ட கோட்டில் பார்த்தது அந்த மாலையில்தான்.

அன்றைக்கு வகுப்பு அத்தோடு முடியவில்லை. ஈ.பி. சார் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார். "மேடம் கடைசியிலேர்ந்து சொன்னாங்க, நான் டிரான்ஸ்பார்மர்லேர்ந்து சொல்றேன்" என்றார். தோட்டங்களுக்குப் போட்டிருக்கும் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொண்டார். அதன் முழு லோடு 84 ஆம்பியர். 5 எச்.பி. மோட்டார் ஒன்றுக்கு ஏழரை ஆம்பியர் என்றால் பதினொரு மோட்டாருக்கு மேல் தாங்காது. அது ஓடும்போது. ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் ஒவ்வொன்றும் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்போது எங்கள் பக்கத்தில் த்ரீ பேஸ் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வந்தது, ராத்திரியிலும் வந்தது. டார்ச் அடித்துக்கொண்டு போய் சுவிட்ச் போட முடியாமல் எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டார்கள். த்ரீ பேஸ் வந்ததும் அந்த லைனில் இருக்கும் அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் எழும். வோல்டேஜ் அடிமட்டத்துக்குப் போகும், லைன் கடைசியில் இருக்கும் தோட்டத்துக்கு இன்னும் மோசம். எங்கள் தோட்டம் லைன் கடைசியில்தான் இருக்கிறது.

பவுண்டரி சார் ரோட்டார் வார்ப்பில் அலுமினியம் சரியாக நிரம்பாவிட்டால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தார். மில் சார் அவர்கள் கெப்பாசிட்டர் பேங்க் பற்றிச் சொன்னார். லெக்சரர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் செய்கிறவர், கரண்ட் கொடுக்கிறவர், மோட்டாரை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளை, மூன்று பேரும் ஒரே கிராப் ஷீட்டைப் பார்த்துப் பேசுகிற இடம் எனக்குத் தெரிந்து வேறு எங்கும் இல்லை. என் கம்பெனியில் இல்லை. ஈ.பி. ஆபீஸ் கவுண்டரில் நிச்சயமாக இல்லை.

அதற்குப் பிறகு ஊருக்குப் போனபோது எங்கள் டிரான்ஸ்பார்மரில் இருக்கும் தோட்டக்காரர்களிடம் அப்பாவை வைத்துப் பேசினேன். ஆட்டோ ஸ்டார்ட்டரில் த்ரீ பேஸ் வந்து எவ்வளவு நேரம் கழித்து மோட்டார் எழ வேண்டும் என்று செட் பண்ண ஒரு டைமர் உண்டு. ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொண்டோம். ஏழரை எச்.பி. மோட்டாரை ஈ.பி.யில் ஐந்து என்று எழுதி ஓட்டுகிறவர்கள் இருக்கும்வரை இது முழுத் தீர்வாகாது, ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து திணறுவது நின்றது. கம்பெனியில் குறைந்த வோல்டேஜில் ஃபுல் லோடு ஹீட் ரன் எடுக்க வேண்டும் என்று கிராப் ஷீட்டோடு போய்க் கேட்டேன். படத்தைப் பார்த்ததும் மேனேஜர் ஒத்துக்கொண்டார். அதே விஷயத்தை வாயால் மட்டும் சொன்ன காலத்தில் யாரும் அசைந்ததில்லை.

சித்தப்பாவுக்கும் அந்த அதிகாரிக்கும்

சித்தப்பாவிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். அனுபவம் எனக்கு இரண்டு வரி எண்ணைக் கொடுத்தது, நிறையக் கேள்வியைக் கொடுத்தது. அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை இன்னும் எத்தனை வருஷம் டெஸ்ட் பெட்டில் நின்றிருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். ஒருவர் எதிரில் நின்று சொல்லித்தர வேண்டியிருந்தது.

அந்த அதிகாரியிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் கோபத்தோடு வருகிறது. பகல் முழுக்க மோட்டாரோடு இருந்துவிட்டு மாலையில் மோட்டாரைப் பற்றிப் படித்தவரை, மோட்டார் டிசைன் வேலைக்கு விண்ணப்பத்திலேயே கழித்துவிடும் பாலிசி யாருக்கு நல்லது? டிப்ளமோவில் படித்ததைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் ஏழு செமஸ்டராகப் படிக்கிறோம். ஒரு கிராப் ஷீட்டைக் கொடுத்து என்னை வரையச் சொல்லியிருக்கலாம். பதில் தெரியாவிட்டால் அனுப்பியிருக்கலாம். கேள்வியே கேட்காமல் அனுப்பியதுதான் எனக்கு உறுத்துகிறது.

எங்களோடு சேர்ந்தவர்களில் எல்லாரும் முடிக்கவில்லை. மில் சார் மூன்றாவது செமஸ்டரோடு நின்றுவிட்டார். மில்லில் அவரை மாலை ஷிப்டுக்கு மாற்றினார்கள், மாற்றிக் கேட்டும் தரவில்லை. வகுப்பில் அதிகம் கேள்வி கேட்டவர் அவர். கெப்பாசிட்டர் பற்றி அவர் அளவுக்குத் தெளிவாகப் பேச அங்கே யாரும் இல்லை. 2023-24 முதல், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வேலை பார்ப்பவர்களுக்கென்றே தனி ஏற்பாடு கொண்டுவந்திருக்கிறது, வகுப்பு நேரத்தைக் கல்லூரி வசதிப்படி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கல்லூரி எந்த நேரத்தில் வகுப்பு வைத்தாலும், ஷிப்ட் ஷீட்டைப் போடுகிறவர் மனசு வைக்காவிட்டால் அந்தப் படிப்பு நிலைக்காது. ஒரு தொழிலாளி படிக்கும் வரை அவருக்கு ஒரே ஷிப்ட் என்று எழுத்தில் கொடுக்க ஒரு கம்பெனிக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. எனக்கு அதைக் கொடுத்தார்கள், அதனால்தான் முடித்தேன். வீட்டில் மாமியார் ராத்திரி வேலையையும் பையனையும் பார்த்துக்கொண்டார், வீட்டுக்காரர் ஒன்பதேகாலுக்கு வண்டியோடு கேட்டில் நிற்பார். இந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் நானும் மில் சார் மாதிரிதான்.

இப்போது என் பெட்டில் டிப்ளமோ முடித்த பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். "அக்கா, நானும் சேரலாமா?" என்று கேட்டாள். வேலைச் சான்றிதழையும், படிக்க ஆட்சேபணை இல்லை என்று கம்பெனி தரும் என்.ஓ.சி.யையும் முன்னாடியே கேட்டு வாங்கி வை, ஷிப்ட் விஷயத்தை வாய்ப்பேச்சாக விடாதே, கணக்கை இப்போதிருந்தே தினம் கொஞ்சம் எடுத்துப் பார் என்றேன். அதோடு ஒரு டைரி போடச் சொன்னேன். வேலையில் ஏன் என்று புரியாத எதையும் ரீடிங்கோடு எழுதி வை, வகுப்புக்குப் போகும்போது கையோடு கொண்டுபோ என்று. போன வாரம் முதல் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரே பேட்ச், ஒரே ஸ்டாம்பிங் தகடு, ஒரே வைண்டிங், ஆனால் ஒரு மோட்டாருக்கு மட்டும் நோ லோட் கரண்ட் ஏன் கூடுதலாக வருகிறது என்று எழுதியிருந்தாள். ரோட்டாரைக் கழற்றி, அதற்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் இருக்கும் ஏர் கேப்பை அளந்துவிட்டு வா, பேசலாம் என்றேன்.